முப்பத்திரண்டு கூடங்களும் ஒரு சொல்லும்

ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் கடலும் காவல் இருந்ததால், மீதி இரண்டு பக்கங்களைப் பற்றி யாரும் கவலைப்படாத நாடு ஒன்று இருந்தது. நெடுமுடி என்று பெயர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்கள் வாக்களித்துத் தங்களுக்கு ஒரு மன்னரைத் தேர்ந்தெடுப்பார்கள். மறுநாளிலிருந்து அவருக்கு மனுப் போடத் தொடங்குவார்கள்.

எந்த வயல் யாருடையது, எந்த வீட்டுக்கு எது எல்லை என்ற விவரங்களெல்லாம், மாகாணத்துக்கு ஒன்றாக முப்பத்திரண்டு ஓலைக் கூடங்களில் இருந்தன. கூடத்துக்கு நூறு எழுத்தர்கள் உட்கார்ந்து எழுதுவார்கள். நூறு பேர் மூச்சில் கூடம் கொதிக்கும். அதனால் ஒவ்வொரு கூடத்தின் விலாவிலும் ஒரு பக்கவறை கட்டி, அதில் ஒரு காவலரை வைத்திருந்தார்கள். கூடம் உறங்கினாலும் அவர் விழித்திருக்க வேண்டும். சூடேறினால் சாளரத்தைத் திறப்பது, எழுத்தர்களை எழுப்புவது, விளக்கணைப்பது, பெருங்கதவைத் திறப்பது எல்லாம் அவர் பொறுப்பு. கட்டளைச் சொல்லைச் சொல்கிறவர் எவரோ, அவர் பேச்சை மறுக்காமல் கேட்பதாகச் சத்தியம் செய்துதான் காவலர்கள் வேலைக்குச் சேருவார்கள்.

அந்தக் கட்டளைச் சொல்லை அரண்மனையே முதல் நாளில் முப்பத்திரண்டு பேருக்கும் ஒன்றுபோலக் கொடுத்திருந்தது: 'மன்னர் வாழ்க.' பிறகு யாரும் அதை மாற்றவில்லை. மாற்றினால் மன்னர் வாழ்வதில் விருப்பமில்லை என்று ஆகிவிடாதா?

பதினேழாம் கூடத்துச் செங்கமலம் மட்டும் மாற்றியிருந்தாள். கூடத்தின் சுவரில் உள்ளங்கையை வைத்தே உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்லிவிடக்கூடியவள் அவள். "இன்னிக்கு ஐயாவுக்கு உடம்பு சரியில்ல" என்று கூடத்தைப் பற்றிப் பேசுவாள். சேர்ந்த வருடக் கோடையில் ஒருநாள் விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். முதல் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு மன்னர்களின் படங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் புதுப்படம் ஒட்டுவது மரபு. அறையின் வெக்கையில் பசை இளகி, ஏழு மன்னர்களும் மொத்தமாகக் கழன்று அவள் மடியில் விழுந்தார்கள். அடியில் முதல் மன்னரின் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. 'இச்சொல்லைப் பெற்ற அன்றே மாற்றிக்கொள். புதிய சொல்லை உன் கூடத் தலைவரைத் தவிர எவரிடமும் கூறாதே; என்னிடமும்.'

செங்கமலம் அன்றே மாற்றினாள். ஏழு மன்னர்களையும் பத்திரமாகத் திரும்ப ஒட்டி வைத்தாள்.

இப்படி இருக்கையில் பாதுகாப்பு அமைச்சராக மணிகண்டீசுவரர் வந்தார். "கூடங்கள் பாதுகாப்பாக உள்ளனவா என்று கண்டறிதல் நமது கடமை. ஆனால் நேரில் சென்று கண்டறிதல் பழங்காலத்து வழக்கம். நாம் இருந்த இடத்திலிருந்தே அறிவோம்" என்று ஆணையிட்டார். அமைச்சகத்திலிருந்து முப்பத்திரண்டு பக்கவறைகளுக்கும் சுவரைத் துளைத்துத் தகரக் குழாய்கள் போடப்பட்டன. குழாய்களின் வாய் முதலில் அமைச்சர் அறையில்தான் இருந்தது. மதியத் தூக்கத்துக்கு இடைஞ்சலாக இருந்ததால் வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றினார்கள். அங்கே தணிக்கை எழுத்தர் கோதண்டம் தினமும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டு, இரண்டு தும்மல் தும்மிவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் கட்டளைச் சொல்லைச் சொல்லி ஏழு கேள்விகள் கேட்பார். காவலர் யார், சூடு எவ்வளவு, சாவி எந்த ஆணியில் என்று மற்றக் காவலர்கள் எல்லோரும் ஒப்பித்தார்கள்.

பதினேழாம் குழாயில் இரண்டு தும்மல் கேட்டது.

"மன்னர் வாழ்க!"

"நல்லா வாழட்டுங்க. நீங்க யாரு?"

"தணிக்கை எழுத்தர் கோதண்டம். சொல்லைச் சொல்லிவிட்டேனே, பதில் சொல்லம்மா."

"இங்க அந்தச் சொல்லு இல்லீங்க. மாத்தியாச்சு."

"மாத்தியாச்சா! யாரைக் கேட்டு?"

"முதல் பக்கத்துல எழுதியிருக்குங்க."

"முதல் பக்கத்தில் மன்னர் படம்தான் இருக்கிறது."

"அதுக்கு அடியில பாருங்க."

"மன்னருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு அதிகாரம் இல்லை, அம்மா."

தணிக்கை அறிக்கை தயாரானது. வெளிப்படைத்தன்மை வேண்டி அதைச் சந்திதோறும் பலகையில் எழுதி வைத்தார்கள். 'முப்பத்தொரு கூடங்கள் அரண்மனை அளித்த சொல்லை அப்படியே போற்றிக் காக்கின்றன. பாதுகாப்பானவை. பதினேழாம் கூடம் பதிலளிக்கவில்லை. பாதுகாப்பற்றது.' கீழே, எந்தக் கூடத்துச் சாவி எந்த ஆணியில் என்ற அட்டவணையும் இருந்தது.

அடுத்த ஆணை, பாதுகாப்பற்ற கூடத்தின் ஓலை எங்கும் செல்லாது என்றது. பதினேழாம் மாகாணத்தில் பாகப்பிரிவினை நின்றது. வீடு விற்க முடியவில்லை. அதற்கடுத்த ஆணை, முப்பது நாளில் பழைய சொல் திரும்பாவிட்டால் கூடத்தையே பூட்டி முத்திரை வைப்போம் என்றது.

ஊரே பக்கவறை வாசலில் வந்து நின்றது.

"ஏம்மா, மன்னர் வாழ்கன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் கோணிக்குமா?" என்றார் மகள் கல்யாணத்துக்காக வயலை விற்கக் காத்திருந்த சடையாண்டி.

"சொல்றதுல என்ன இருக்குண்ணே, நூறு தடவை சொல்றேன். அதைக் கேட்டுக் கதவைத் திறக்கக் கூடாதுங்கிறதுதான் விஷயம்."

"பெரிய கதவு! உள்ள என்ன வைரமா இருக்கு?"

"உங்க வயல் இருக்குண்ணே."

மாகாண எல்லைத் தெருவின் எதிர்ச்சாரியில் பதினாறாம் கூடத்துக் காவலர் இருளப்பன் சிரித்தார். "எங்களுக்கெல்லாம் நற்சான்று வந்திருச்சு, செங்கமலம். சட்டம் போட்டு மாட்டியிருக்கேன். வந்து பாரு."

இருபத்தொன்பதாம் நாள் அவள் சுவரில் கை வைத்தாள். கூடம் இதமாக இருந்தது. உள்ளே எழுத்தாணிகளின் கீறல் ஒலி கேட்டது. நாளைக்கு இதைப் பூட்டிவிட்டால் சாளரம் திறக்க ஆள் இருக்காது. ஓலையெல்லாம் புழுங்கிப் பூச்சி பிடித்துவிடும். 'சரி, இன்றைய தணிக்கையில் பழைய சொல்லையே வைத்துவிடுவோம்' என்று முடிவு செய்து, தணிக்கையாளரின் தும்மலுக்காகக் குழாயருகே உட்கார்ந்தாள்.

நடுப்பகலில் குழாய் பேசியது.

"மன்னர் வாழ்க! பெருங்கதவைத் திற."

தும்மல் இல்லை. கேள்வியும் இல்லை. செங்கமலத்தின் கை மடியிலேயே நின்றது.

"நல்லா வாழட்டுங்க. நீங்க யாரு?"

எதிர்ச்சாரியில் பதினாறாம் கூடத்துப் பெருங்கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. அதன் முன் வண்டிகள் தயாராக நின்றன.

அமைச்சர் உறங்க, கோதண்டம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் குழாயில் பேசியவன், தாழ்வாரத்தில் கடலை விற்ற விருப்பாட்சி. தினமும் தணிக்கையைக் கேட்டுக்கேட்டு அவனுக்கு எல்லாம் மனப்பாடமாகியிருந்தது. ஒரே மதியத்தில் முப்பத்தொரு கூடங்களின் ஓலைகளும் வெளியே போய், எல்லா வயலும் எல்லா வீடும் விருப்பாட்சியின் பெயரில் திரும்பி வந்தன.

நீதிமன்றத்தில் அவனை நிறுத்தினார்கள்.

"கூடங்களைத் திறக்க நீ என்ன செய்தாய்?"

"மன்னர் வாழ்கன்னேன், சாமி."

அச்சொல் காதில் விழுந்தால் எழுந்து நிற்க வேண்டும் என்பது சட்டம். நீதிபதி எழுந்து நின்றார். நின்றபடியே யோசித்தார். மன்னரை வாழ்த்தியதற்குத் தண்டனை எந்த ஏட்டிலும் இல்லை. நிலம் யாருடையது என்று பார்த்தால், ஆவணப்படி அதுவும் அவனுடையதே.

இந்தக் களேபரத்தில் பதினேழாம் கூடத்தின் மீதான இரண்டு ஆணைகளையும் எல்லோரும் மறந்துவிட்டார்கள். மறுவாரம் கோதண்டம் எட்டு மைல் நடந்து அந்தக் கூடத்துக்கு வந்தார். பக்கவறை ஒன்றை நேரில் பார்க்க வந்த முதல் தணிக்கையாளர் அவர்தான். வாசலிலேயே இரண்டு தும்மல் போட்டார்.

"குரலுக்கு ஆள் ரொம்ப ஒல்லியா இருக்கீங்களே" என்று செங்கமலம் மோர் கொடுத்தாள்.

"அக்கா, அந்த முதல் பக்கத்தை எனக்கும் ஒரு தடவை காட்டுங்களேன்."

காட்டினாள். படித்தார். மூக்குப்பொடி டப்பாவைத் திறந்தவர் போடாமலே மூடினார். "இரண்டே வரி" என்றார். "நான் எழுதிய அறிக்கை நானூறு பக்கம்." அன்று வெகுநேரம் அவளுக்காகச் சாளரங்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். சடையாண்டி மகளின் கல்யாணத்துக்கு இருவரும் போய் வந்தார்கள்; பதினேழாம் மாகாணத்தில் மட்டும்தான் விற்பதற்கு அவரவர் வயல் மிச்சமிருந்தது.

கோதண்டம் அந்த இரண்டு வரியை அமைச்சருக்கு எழுதி அனுப்பினார். அமைச்சர் வெகுவாகப் பாராட்டி, அடுத்த ஆட்சியின் பரிசீலனைக்கு வைத்தார்.

தேர்தல் வந்தது. முப்பத்தொரு மாகாணத்து மக்களும் விருப்பாட்சியின் வீடுகளில் குடியிருந்ததால் அவர் அதிகம் பிரசாரம் செய்ய நேரவில்லை. முடிசூடியதும் அந்த இரண்டு வரிகளைப் பரிசீலித்து, அவற்றின் மேல் தம் படத்தை ஒட்ட உத்தரவிட்டார். இம்முறை பசை கொஞ்சம் கெட்டியாக.

பதினேழாம் கூடத்துக்கும் படம் வந்தது. செங்கமலம் மரபு மீறாமல் ஒட்டினாள். சித்திரை பிறந்த மூன்றாம் நாளே அது கழன்று மடியில் விழுந்தது. நல்ல தடித்த அட்டை. அதை எடுத்து விசிறிக்கொண்டாள், சுகமாகத்தான் இருந்தது.

குழாய் பேசியது. தும்மல் இல்லை. அந்தக் குரலை அவள் முன்பே ஒரு மதியம் கேட்டிருக்கிறாள்.

"மன்னர் வாழ்க!"

"நல்லா வாழட்டுங்க" என்றாள் செங்கமலம், விசிறுவதை நிறுத்தாமல். "நீங்க யாரு?"