வண்ணத்துப்பூச்சிக் காவடி

சனிக்கிழமை காலை ஆறு மணி இருபது நிமிடத்துக்கு நான் ஓர் ஈரத்துணியைக் கையில் எடுத்தேன். என் வாழ்க்கையில் நடந்த பெரிய அழிவுகள் எல்லாம் நான் யாருக்காவது உதவி செய்யப் புறப்பட்டபோதே நடந்திருக்கின்றன. அவற்றுள் இதுதான் தலையாயது.

நாங்கள் இருப்பது தேற்றாத்தீவில். நான் மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவன். மிச்ச நேரத்தில் பயப்படுகிறவன். டெங்குக்குப் பயம், பாம்புக்குப் பயம், ஏணிக்குப் பயம், தும்மினால் நெஞ்சில் ஏதோ நோய் வருத்தம் என்று பயம். (தும்மாமல் இருந்தாலும் பயம்தான்.) ஒரே மகள் ஆதிரை பத்தாம் வகுப்பு. அவளுக்கு இந்தப் பயங்களில் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் நான் ஒருவனே எடுத்துக்கொண்டேன் போல.

மூன்று வருடத்துக்கு முன் அவள் கிணற்றடி தொடக்கம் பின்வேலி வரை ஒரு வண்ணத்துப்பூச்சித் தோட்டம் போட்டாள். முதல் வருடம் தேநீரோடு வெளியே வந்து குந்தினால் கோப்பை விளிம்பில் ஒன்று வந்து இருக்கும். பிறகு குறைந்தது. சுற்றியுள்ள வளவுகளில் சீமெந்துக் கல் பதித்தார்கள். வேலியோரப் புல்லுக்கு மருந்து அடித்தார்கள். அங்கால் வயல் வட்டையில் நெல்லுக்கும் மருந்து. அவளுடைய பூக்கள் மட்டும், சமையல் எல்லாம் முடித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் கலியாண வீடு மாதிரி, பூத்தபடியே இருந்தன. இந்த வருடம் ஒன்று வந்தாலே எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டும் நிலைமை.

இதற்கிடையில் அவளுடைய விஞ்ஞான ரீச்சர், அந்தச் சனிக்கிழமை வகுப்பையே கூட்டிக்கொண்டு தோட்டம் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டார். போன வருடம் இவள் பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொன்னதன் விளைவு.

"வந்து என்னத்தப் பாக்கப் போறாங்க அப்பா? வெறும் பூவத்தான்" என்றாள். பிறகு, "இதோட தோட்டத்த விட்டுடப் போறன்" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். அழாததால் எனக்குள் இருந்த உதவியாளன் எழும்பிவிட்டான்.

வியாழக்கிழமை பௌர்ணமிப் போயா லீவு. அவள் ரியூசனுக்குப் போன நேரம் பார்த்து, பின்வேலியோரம் மண்டிக்கிடந்த தேள்கொடுக்குச் செடிகளை எல்லாம் பிடுங்கினேன். தேளின் வால் போலச் சுருண்ட பூங்கொத்து உள்ள சாதாரணக் களை. பாம்பு ஒளிந்திருக்க வசதியான களை. பிடுங்கியதைக் கட்டாகக் கட்டி, தறப்பாளால் மூடி, அதற்குள்ளும் பாம்பு குடியேறிவிடாமல் மேலே நாலு கல் வைத்தேன். ஆதிரை வந்து பார்த்துவிட்டு, "அது கிடக்கட்டும் எண்டுதான் விட்டனான்" என்றாள். அவ்வளவுதான்.

சனி விடிந்தது. தேசி (எலுமிச்சை) மரத்தின் இலைகளில் காக்கை எச்சம் காய்ந்து ஒட்டியிருப்பதைக் கண்டேன். கறுப்பும் வெள்ளையுமாக, இலைக்கு ஒன்று இரண்டு. ரீச்சர் வரும் நாளில் இப்படி ஓர் அசிங்கமா? ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். சில எச்சங்கள் கொஞ்சம் மெதுமெதுப்பாக இருந்தன. (நேற்றையவை என்று நினைத்துக்கொண்டேன்.) ஏணி இல்லாமல் எட்டாத உச்சிக்கிளையை மட்டும் விட்டுவிட்டு, மரம் பளபளக்க, கைகழுவி நிமிர்ந்தேன்.

ஆதிரை பின்வாசலில் நின்றாள்.

"அது எச்சம் இல்லப்பா."

"பின்ன?"

"புழு. குருவி தின்னாம இருக்க எச்சம் மாதிரி வேசம் போட்டிருந்த புழு. அதுகள்தான் வண்ணத்துப்பூச்சியா வாறது."

குருவிகளை எல்லாம் ஏமாற்றிய புழு, என்னையும் ஏமாற்றியிருக்கிறது. குருவி தின்னாமல் போயிருக்கும், நான் துடைத்தேன். அவள் உள்ளே போய்விட்டாள். ஏசியிருக்கலாம்.

என் மனைவி வதனி ஏசினாள். ஏசி முடித்து, தறப்பாளுக்குள் கிடக்கும் குப்பையையாவது ஆட்கள் வருமுன் எங்கேயாவது கொண்டுபோய்ப் போடச் சொன்னாள். வீட்டைவிட்டு ஓட ஒரு காரணம் கிடைத்ததே என்று, வாடிச் சுருங்கிய அந்தச் செடிக்கட்டை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன்.

கண்டல் மரங்களுக்குப் பக்கத்தில் நல்ல பற்றை ஒன்று இருந்தது. கட்டைத் தூக்கித் தோளில் வைத்தேன். குப்பை போடுவதை யாரும் கண்டால் அலுவலகத்தில் மானம் போய்விடும் என்று அங்குமிங்கும் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். அப்போது ஒன்று வந்தது. கறுப்பு இறகில் வெளிர்நீலக் கீற்றுகள். கட்டின் நுனியில் குந்தி, சுருண்ட குழாயை நீட்டி, காய்ந்த தண்டை உறிஞ்சத் தொடங்கியது. பூ இல்லாத, உயிரில்லாத குப்பையை.

மகளுக்குக் காட்டலாமே என்று அசையாமல் நின்றேன். இன்னொன்று வந்தது. பிறகு நாலைந்து. பிறகு வாவிக்கு மேலால் காற்றோடு காற்றாக ஒரு கூட்டமே வந்தது. கட்டில் இடம் முடிந்ததும் என் தோளில் இருந்தன. செடியின் சாறு பட்ட சட்டையில் இருந்தன. விரல்களில், கழுத்தில், மூக்குக்கண்ணாடியில் இருந்தன. காதில் ஒன்று நடந்தது. நான் மூச்சு விடும்போது நெஞ்சில் இருந்தவை எல்லாம் சேர்ந்து மேலெழுந்து கீழிறங்கின. அத்தனை இறகுகள் காதோரம் திறந்து மூடுவதற்கு ஒரு சத்தம் உண்டு. அதை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. என்னைச் சுற்றி நிலமும் நீரும் வானமும் நீலக் கீற்றாக அசைந்தன. வீட்டில் ஒன்றுக்காக ஏங்கிக் கிடந்தோம். இவை எங்கே இருந்தன, எங்கே போகின்றன?

நெடுநேரமாக நான் எதற்கும் பயப்படவில்லை என்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. உடனே பயந்துவிட்டேன். இவை கடிக்குமா? இறகுத் தூசு மூக்குக்குள் போனால்? தும்மினால்? சட்டைப்பையில் கைத்தொலைபேசி அடித்தது. வதனிதான், ரீச்சரும் பிள்ளைகளும் வந்திருப்பார்கள். அதை எடுக்க வேண்டுமானால் குறைந்தது இருபது பேரை எழுப்ப வேண்டும். அடிக்க விட்டுவிட்டேன்.

அந்த நேரம் மீன் விற்கும் தவராசா மோட்டார் சைக்கிளில் வந்தார். நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார். என்னைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"சேர், காவடி எந்தக் கோயிலுக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். "சித்தாண்டி முருகனுக்கெண்டா றோட்டு அந்தப் பக்கம்."

வாயை அதிகம் அசைக்காமல், மகளை உடனே கூட்டிவரும்படி கெஞ்சினேன். அவர் போய், ரீச்சரும் முப்பது பிள்ளைகளும் பார்த்திருக்க, எங்கள் வாசலில் நின்று, "சேர் வாவிக்கரையில காவடியோட நிக்கிறார், இறக்கேலாதாம், மகள் வரட்டாம்" என்று அறிவித்தாராம். எனக்கு மூளை பிசகிவிட்டது என்று வதனி தலையில் தேய்க்கத் தேசிக்காயும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாளாம்.

வாடிய தேள்கொடுக்கில் உள்ள ஏதோ ஒரு கசப்பை ஆண் பூச்சிகள் தேடிவரும் என்பதைப் பிறகுதான் வாசித்து அறிந்தோம். அவை வழிப்போக்கர்கள்; மறுநாள் கரையில் ஒன்றும் இல்லை. எங்கள் வளவில் இன்றும் குறைவுதான், பெருகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஏணிக்குப் பயந்து நான் விட்ட உச்சிக்கிளையில் இரண்டு புழுக்கள் தப்பியிருந்தன. அவற்றில் ஒன்று கூடு பிளந்து, நனைந்த இறகை விரித்ததை மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். ஆதிரை தோட்டத்தை விடவில்லை. பின்வேலியோரம் தேள்கொடுக்கு மறுபடியும் மண்டிக்கிடக்கிறது. நான் அந்தப் பக்கம் போவதில்லை. தவராசா இன்றைக்கும் மீன் நிறுக்கும்போது, காவடி எப்போது என்று கேட்கிறார். வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை. துணியைக் கையில் எடுத்தாலே தாயும் மகளும் சேர்ந்து அன்றைய வசனத்தைச் சொல்கிறார்கள்.

அந்த வசனம் பிறந்தது வாவிக்கரையில்தான். முதலில் வதனி வந்து சேர்ந்தாள். கையில் இருந்த தேசிக்காயை மறந்து நின்றாள். பிறகு ரீச்சர். பிறகு பிள்ளைகள், முப்பது பேர் வந்த சத்தமே இல்லை. கடைசியாக, எல்லோருக்கும் வழிவிட்டு, ஆதிரை வந்தாள். காலையிலிருந்து என்னோடு பேசாத பிள்ளை. கிட்ட வந்து, என் தோளோரம் கையை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒன்று என் விரலை விட்டு அவள் விரலுக்கு நடந்து போனது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அப்பா, அசையாதீங்க, தும்மிப்போடாதீங்க" என்றாள் இரகசியம் போல. "மறுகா வீட்ட வந்து ஒண்டையும் துடைச்சுப்போடாதீங்க."