ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ரயில் ஓட்டுநர் தேவை

பேரன்புக்கும், இன்று முதல் பெரும் நம்பிக்கைக்கும் உரிய சித்தி அவர்களுக்கு,

அக்கா மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் நலத்தைக் கடைசியில் விசாரிக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு, குளியலறையில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது கதவைத் தட்டுவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

பள்ளி முடிந்ததும் சமூகப்பணி ஆனர்ஸ் படிக்கப்போகிறேன் என்று போன வாரம் சொன்னேன். "சேவைதானே? ஞாயித்துக்கிழமை செஞ்சுக்கோ. அதுக்கு எதுக்கு நாலு வருஷம்?" என்றார் அப்பா. ஆனர்ஸ் என்றால் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஆய்வெல்லாம் செய்யவேண்டும் என்று விளக்கினேன். "சும்மா செய்யற வேலையையே கூடுதலா வேற செய்யணுமா!" என்றார். பதினெட்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறார் அல்லவா, யார் எதை ஓட்டினாலும் அவர் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது.

விண்ணப்பத்தோடு, ஒரு குடும்பத்தைக் கூர்ந்து கவனித்து நாலு பக்க அறிக்கை தரவேண்டும். ஆள் யாரென்று தெரியாதபடி அடையாளத்தை மாற்றிவிட வேண்டும். எனக்கு நன்றாகத் தெரிந்த குடும்பம் ஒன்றுதான். அப்பாவை ரயில் ஓட்டுநர் ஆக்கினேன். அம்மாவுக்குக் கண்ணாடி போட்டுவிட்டேன். 'இந்த வீட்டில் தாயிடம் கேட்கும் கேள்விகளுக்கும் தந்தையே பதில் சொல்கிறார். தாயிடம் யாராவது டீ வேண்டுமா என்றால், அவளுக்குப் பிடிக்காது என்கிறார்' என்று எழுதினேன். இன்று சாயங்காலம் கையெழுத்துக்காக விண்ணப்பத்தை நீட்டியபோது, பாழாய்ப்போன அறிக்கையும் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. அப்பா சத்தமாகப் படித்தார், சித்தி! படித்து முடித்து, "இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா வாயைத் திறந்தாள். "பாத்தியா, அவளாலயே நம்ப முடியல" என்றார்.

அதோடு விட்டாரா? "அட்ரஸ் குடு. அந்த ஆள்கிட்ட நானே பேசறேன். பேசிட்டு வந்துதான் கையெழுத்து." பயத்தில் உங்கள் தெருப் பெயர் வாயில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருகிறார். திங்கட்கிழமை விண்ணப்பத்துக்குக் கடைசி நாள்.

ஆகவே உங்கள் தெருவில் எப்படியாவது ஒரு ரயில் ஓட்டுநரைப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் சித்தப்பாவுக்கு ஒரு தொப்பி மாட்டி உட்காரவையுங்கள். யாரையும் பேசவிடாதவர் போல நடிக்க வேண்டும். அவரை நீங்களே பேசவிடுவதில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. மன்னிக்கவும்.

விளையாட்டாகச் சொல்லவில்லை, சித்தி. அறிக்கை எழுதும்போதுதான் உறைத்தது, நானும் அம்மாவிடம் ஒருநாளும் எதையும் கேட்டதில்லை. கேட்பதற்கும் படிப்பு இருக்கிறதாம். அதைத்தான் படிக்க ஆசைப்படுகிறேன்.

சித்தப்பாவுக்கு வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு முத்தம். மறந்தே போனேன், நீங்கள் நலமா?

நடுக்கத்துடன்,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: ரயில் ஓட்டுநர் வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தால் சமையலறையில் விளக்கு எரிந்தது. அம்மா பேசிக்கொண்டிருந்தாள், அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் பார்த்தால் விண்ணப்பத்தில் அப்பாவின் கையெழுத்து. அறிக்கையில் 'ரயில் ஓட்டுநர்' என்பதை அடித்துவிட்டு, 'டிரைவிங் ஸ்கூல்' என்று திருத்தியிருக்கிறார். ஆள் யாரென்று தெரிந்துவிட்டதால், இனி நான் புதிதாக எழுதவேண்டும். 'பெற்றோர் கருத்து' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு, 'அவ சொல்லட்டும்' என்று பென்சிலால் அம்புக்குறி போட்டிருக்கிறார். அந்தக் கட்டத்துக்குள் அம்மாவின் எழுத்து: 'படிக்கட்டும். எனக்கு டீ பிடிக்கும்.'