செல்வதாஸ் ஜெம்பே படித்த கதை

ஐம்பத்திரண்டாவது வயதில் செல்வதாஸ் ஆப்பிரிக்காவைப் பிடித்தார். கப்பலேறிப் போகவில்லை. குழித்துறையில், சொந்த வீட்டு முன்னறையில், இரண்டு முழங்காலுக்கு நடுவே பிடித்தார்.

மஸ்கட்டிலிருந்து வந்த மைத்துனன் கொடுத்த ஜெம்பே அது. மேற்கு ஆப்பிரிக்க மேளம். மேலே ஆட்டுத்தோல், கீழே ஒடுங்கிய இடுப்பு. குச்சி கிடையாது, வெறுங்கையால் அடிக்க வேண்டும். முதல் அடி விழுந்ததுமே அவர் நெஞ்சுக்குள் என்னவோ துள்ளியது.

"ஏட்டி பெமிலா, அறுப்பின் பண்டிகைக்கு மூணு மாசம் கெடக்கு. சபையில பாட்டுக்கு நான்தான் ஜெம்பே."

"ஒங்களுக்கு அடிக்கத் தெரியுமா?" என்றாள் மனைவி.

"தெரியாது. முறைப்படி படிக்கப் போறேனாக்கும்."

"ஆப்பிரிக்காவுல மொதல்ல நிக்கது ஆப்பு. பாத்துக்கிடுங்க."

செல்வதாஸ் பார்த்துக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் தொடக்கக்காரர்களுக்கான ஆங்கிலப் புத்தகம் இரண்டு வந்து இறங்கின. யூடியூபில் அறுபத்துமூன்று பாடங்களைச் சேமித்தார். ஒரு செனகல்காரர் நடத்தும் வாட்சாப் குழுவில் சேர்ந்து, தினமும் அவருக்குக் காலை வணக்கம் அனுப்பினார். அடிகளின் படங்களைக் கோட்டாறில் அச்சடித்து வந்து சுவர், பிரிட்ஜ், குளியலறைக் கதவு என்று ஒட்டினார்.

"தாளெல்லாம் இருக்கு. தாளத்தத்தான் காணல்ல," என்றாள் பெமிலா.

இரண்டே நாள் அடித்தார். உள்ளங்கை இரண்டும் பழுத்த பப்பாளி மாதிரி சிவந்து வீங்கின. புத்தகத்தைப் புரட்டினார். 'வலித்தால் கைகளுக்கு ஓய்வு கொடுங்கள்' என்று போட்டிருந்தது. அந்த ஒற்றை வரியில் செல்வதாஸுக்கு விடுதலை கிடைத்தது. அவர் வீட்டில் தேங்காய் திருவுவதும் மீன் வெட்டுவதும் அவர் வேலை.

"பெமிலா, எனக்க கை இனி சாதாரண கை இல்ல. தேங்கா திருவினா விரலு போச்சு. சாளை முள்ளு குத்தினா மொத்தப் படிப்பும் போச்சு."

சண்டை வருமென்று எதிர்பார்த்தார். பெமிலா தலையாட்டினாள்.

"செரி, கையப் பத்திரமா வச்சுக்கிடுங்க. ஆனா படிப்பு நிக்கப்பிடாதுல்லா? நீங்க இருந்து வாசியுங்க. நான் தட்டுகேன். செரியா தப்பான்னு நீங்க சொல்லுங்க."

செல்வதாஸுக்குத் தலைகால் புரியவில்லை. அடுக்களை வேலையும் போயிற்று, வாத்தியார் பதவியும் வந்தது.

தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் நாற்காலியில் சாய்ந்து வாசிப்பார். "நடுவுல முழுக்கை பட்டா கும். ஓரத்துல விரலச் சேத்து அடிச்சா தோம். விரலத் தளத்தி வீசினா டக்."

கும், தோம், டக்.

"இடதுகை பிந்துது."

"வாசிக்கது பிந்துது. சீக்கிரம் அடுத்த பக்கத்தத் திருப்புங்க."

இரண்டாம் மாதம் பெமிலா தேங்காய் திருவுகிற சத்தமே ஒரு தாளத்தில் வந்தது. தன் பயிற்றுவிப்பின் சிறப்பை எண்ணி செல்வதாஸ் பூரித்தார்.

ஒரு சனிக்கிழமை, பாடகர் குழுவை நடத்தும் ராஜபாய் டீச்சர் ஆளைத் தேர்ந்தெடுக்க வீட்டுக்கு வந்தாள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு செல்வதாஸ் மாலி, கினி, செனகல் என்று இருபது நிமிடம் விளக்கினார்.

"கொள்ளாம் அண்ணே. இனி ஒண்ணு அடியுங்க."

ஜெம்பேயைத் தரையில் நேராக நட்டு, ஓங்கி அடித்தார். சேற்றில் முழுப் பலாச்சக்கை விழுந்த சத்தம் வந்தது. இன்னும் ஓங்கி அடித்தார். இன்னொரு சக்கை விழுந்தது.

"சரிச்சுப் பிடியுங்க," என்றாள் அடுக்களை வாசலில் நின்ற பெமிலா. "அடிவாயை அடைச்சா சத்தம் எப்படி வெளிய வரும்? மூணாம் பாடம். நீங்கதான வாசிச்சிய?"

"வாசிச்சது வாயி. கைக்கு யாரும் சொல்லல்ல," என்றார் செல்வதாஸ்.

"மைனி, நீங்க ஒண்ணு அடியுங்க பாப்போம்," என்றாள் டீச்சர்.

பெமிலா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். கும் கும் தோம், தக தோம், டக். ஜன்னல் அதிர்ந்தது. டீச்சரின் கால் தானாகத் தட்டியது. ரோட்டில் போன ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டினார். வேகம் ஏற ஏற செல்வதாஸும் தன்னை மறந்து எழுந்து கைதட்டினார். தட்டி முடித்தபோது டீச்சர் நோட்டில் பெமிலாவின் பெயரை எழுதி முடித்திருந்தாள்.

டீச்சர் போனதும் கேட்டார். "இது மொதல்லயே போட்ட திட்டமா?"

"நான் என்ன திட்டம் போட்டேன்? கையப் பத்திரமா வைங்கன்னேன். வச்சிய."

பண்டிகை அன்று பெமிலா அடித்த அடியில் சபையே எழுந்து நின்றது. வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், "பாடம் வாசிச்சது நானாக்கும்," என்று செல்வதாஸ் சொன்னார். அவர்கள் பெமிலாவின் கையைக் குலுக்கப் போய்விட்டார்கள்.

மறு ஞாயிறே பெமிலா டீச்சரின் ஜெம்பே தொடக்க வகுப்பு ஆரம்பமானது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஏழு பேர். எட்டாவதாக, முழங்கால் காதில் இடிக்க, குட்டி ஸ்டூலில் செல்வதாஸ்.

பக்கத்து ஸ்டூலில் இருந்த ஆறு வயது ஸ்மைலின் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பரிவோடு கேட்டாள்:

"மாமா, நீங்க எத்தனை வருஷமா தோத்துட்டு இருக்கிய?"