நைனாவின் வயிற்றுக்குள் பட்டினி கிடந்த கோடிப் பேர்

கோட்டைக்குப்பம்,
வெள்ளி இரவு.

பெருமதிப்பிற்குரிய தெய்வநாயகி அத்தைக்கு, உங்கள் அண்ணன் மகள் வெண்ணிலா வணங்கி எழுதுவது. பொன்னேரியில் நீங்களும் மாமாவும் ஹரிஹரனும் சுகமாக இருப்பீர்கள். இங்கே யாரும் சுகமில்லை. அதற்குக் காரணம் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

நைனா மாதம் தவறாமல் சளியோ காய்ச்சலோ வந்து படுத்துக்கொள்வார் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று வியாழக்கிழமை நமக்குப் பாடு, வலை கட்டும் முறை. சீட்டுக் குலுக்கலில் வந்த அந்த நாளில் ஏரியில் நம் இடத்தில் இறால் வலை கட்டாவிட்டால், இடம் அடுத்த சீட்டுக்காரரான பக்கத்து வீட்டு மாசிலாமணி பெரியப்பாவுக்குப் போய்விடும், நமக்கு மறுபடி முறை வர இரண்டு மாதம் ஆகும். அன்றைக்காவது நைனா படுக்காமல் இருக்க வேண்டுமே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஹேமாவதி டீச்சர் குடலைப் பற்றிப் பாடம் நடத்தினார். நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாதாம், பெருங்குடலில் கோடிக்கணக்கில் குடியிருக்கும் பாக்டீரியாதான் அதைத் தின்று உடைக்கிறதாம், அப்போது உண்டாகும் ஒருவகை அமிலம் குடல் சுவருக்குச் சாப்பாடாம், நோயோடு சண்டை போடும் அணுக்களுக்கு எப்போது அடிக்க வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டாம். நார் கிடைக்காவிட்டால் அவை பசியில் குடலின் மேல்பூச்சையே தின்னத் தொடங்குமாம். நம் வீட்டில் சோறு, மீன், மறுபடி சோறு. கீரை வைத்தால் நைனா, "நான் இன்னா ஆடா?" என்பார். அவர் வயிற்றுக்குள் கோடிப் பேர் பட்டினி கிடப்பதை நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா குழம்பு வைத்துவிட்டு விடியுமுன்னே மீன் கூடையோடு சந்தைக்குப் போய்விடுவார், நைனாவுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கட்டுவது நான்தான் என்பதால், மாட்டுத் தீவனக் கடையில் கோதுமைத் தவிடு வாங்கிக் குழம்பில் தினமும் ஒரு கரண்டி கலந்தேன். சட்டி காலியாக வந்தது. அந்தத் தைரியத்தில் புதன்கிழமை இரண்டு கைப்பிடி போட்டேன். வியாழன் காலை படகில் ஏறிய நைனா ஏரியின் நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார், அதன் பிறகு நாள் முழுக்கக் கொல்லைக்கும் பாய்க்கும் நடந்தார். நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று டீச்சர் அன்று மத்தியானம்தான் சொன்னார்.

வலை கட்டிய மாசிலாமணி பெரியப்பாவுக்கு நல்ல இறால். காலையில் கரையில் நைனாவுக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அம்மாவுக்கு அது போதாதா? "டீயில இன்னாவோ கலந்துக்கீறான்! நாயித்துக்கெயம ஊர்க்கூட்டத்துல நிக்க வெச்சுக் கேக்காம வுட மாட்டேன்!" என்று வேலிக்கு மேலாகக் கத்தினார். பெரியப்பா வீட்டு அமுதவல்லி பெரியம்மா, "ஒம் புருசனுக்கு வயிறு போனா எம் புருசன் இன்னாடி செய்வான்? இனிமே ஒங்களுக்குப் பச்சத் தண்ணிகூடக் குட்க்க மாட்டோம்!" என்றார். இரண்டு நாளாக இதுதான். நைனா சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். கூட்டத்தில் குற்றம் என்று முடிவானால் பெரியப்பாவுக்கு ஒரு வருஷம் பாடு கிடையாது. உண்மையைச் சொன்னால் அம்மா என் படிப்பை நிறுத்திவிடுவார். அலுத்துப்போய்விட்டது அத்தை. அம்மா உங்கள் பேச்சை மட்டும்தான் கேட்பார். ஐஸ் வண்டி ஜான் அண்ணன் காலையில் பொன்னேரி வரும்போது இதைக் கொடுப்பார். ஞாயிறுக்குள் எப்படியாவது வாருங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். ஹரிஹரன் பரீட்சையில் நன்றாக எழுதட்டும். எல்லார் வயிறும் நலமாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பயந்துபோன உங்கள்,
வெண்ணிலா.

பின்குறிப்பு: மேலே எழுதியதை நம்ப வேண்டாம். கொல்லைக்கு எழுந்த நைனா நான் எழுதுவதைப் பார்த்துவிட்டார். கடிதம் முழுவதையும் படித்தார். நான் அழுதேன். "அட லூசு, ஒன் சோத்த நான் எங்கடி தின்னேன்?" என்றார். குழம்பு மரத்தூள் மாதிரி இருந்ததாம், அம்மாவிடம் சொன்னால் வீட்டில் இருக்க முடியாது என்று தினமும் சட்டியை மாசிலாமணி பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டுக் கடையில் பரோட்டா சாப்பிட்டாராம். புதன்கிழமை சால்னா ஒரு மாதிரி புளித்துத்தான் இருந்ததாம். அந்த இரண்டு கைப்பிடியையும் தின்ற பெரியப்பா, "தங்கச்சி கையில இன்னாவோ கீதுபா, வயிறு கடியாரம் மாரி ஓடுது" என்று மறுநாள் காலை அம்மாவின் சமையலைப் புகழ்ந்தாராம். "அப்போ கூட்டத்துல சொல்லிடு நைனா" என்றேன். "ஊருக்கு முன்னாடி சொல்லிடுவேன். ஒங்கம்மாவுக்கு முன்னாடி எப்டி சொல்றது?" என்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆகையால், அத்தை, கட்டாயம் வாருங்கள். இப்போது நாங்கள் இரண்டு பேர்.

இப்படிக்கு,
வெண்ணிலா,
ப. தருமலிங்கம்.