கம்ப்யூட்டர் அடித்த மழைமணி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நிமிட வெட்கம் போதும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு தோட்டத்தையே ஓட வைத்தவள் நான்.

எண்பதுகளின் கடைசி. கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. கோலாலம்பூரில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு லயத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த என்னை, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் வேலை பார்த்த அப்பா மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"எம்மவளுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு தொரை."

(யாரிடமும் கைகட்டாத மனிதர், அன்று எனக்காகக் கைகட்டி நின்றார்.) மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர். சரிப்படாவிட்டால் ரவாங் பக்கம் ஏதாவது தொழிற்சாலை என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், நான் படித்தது யூனிக்ஸ். பெட்டியில் இருந்தது டாஸ். இரண்டும் கம்ப்யூட்டரை நடத்தும் முறைகள்தான். ஆனால் ஒன்றின் கட்டளை மற்றதற்கு விளங்காது. இதை வாய் திறந்து சொல்லியிருக்கலாம். நானா சொல்வேன்? கோர்ஸ் வாத்தியாரைக் கெஞ்சி ஒரு பிளாப்பி வாங்கி வந்தேன். அதிலிருந்த மென்பொருள் டாஸ் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு யூனிக்ஸ் போல நடிக்கும். அது யூனிக்ஸ் போல நடிக்க, நான் எல்லாம் தெரிந்தவள் போல நடிக்க, இரண்டு மாதம் நன்றாகவே ஓடியது.

மூன்றாம் மாதம், ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி அந்தோணிசாமி வடிவில் சோதனை வந்தது. அவர்தான் ஆள் வருகையைக் கம்ப்யூட்டரில் பதிவார். கண் காகிதத்தில், விரல் விசைப்பலகையில். திரையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தப்பாக அடித்தால் அப்படியே போய்க்கொண்டே இருப்பார். காதும் கொஞ்சம் மந்தம்.

"தப்பா அடிச்சா மணி அடிக்கிற மாதிரி செய். வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன். அது சரியா இருந்தா ஒன் வேலையும் சரி" என்றார் மேனேஜர்.

யூனிக்ஸில் மணி, திரை, பிரிண்டர் எல்லாவற்றுக்கும் கோப்பு மாதிரி ஒரு பெயர் உண்டு. மணியின் பெயருக்கு எழுதி அனுப்பினால் மணி அடிக்கும். கோர்ஸில் அடித்தது. இங்கே எழுதினேன், அடிக்கவில்லை. பத்து மணி அனுப்பினேன். கப்சிப். நூறு அனுப்பிவிட்டு அந்தோணிசாமியைக் கேட்டேன்.

"ஏதாச்சும் கேக்குதா அங்கிள்?"

"ஒண்ணும் கேக்கலலா புள்ள."

சத்தம் வருகிறது, சின்னதாக இருப்பதால்தான் கேட்கவில்லை என்று எனக்குள் ஒரு ஞானம் பிறந்தது. அதிகாலையில் ஆட்களைக் கூப்பிடும் மைக் செட் ஆபீசிலேயே இருந்தது. வெளியே கம்பத்தில் பெரிய ஒலிபெருக்கி. மைக்கைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்து, சத்தத்தை முழுசாகத் திருகிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை. மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். அப்போதுதான் டிஸ்கில் ஒரு புதுக் கோப்பு கண்ணில் பட்டது. மணிக்கு நான் எழுதிய அதே பெயர். அட, இதென்ன என்று அதைத் திறந்து காட்டும்படி கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தேன்.

நடந்தது இதுதான். டாஸுக்கு அந்தப் பெயரில் மணி எதுவும் தெரியாது. நடிகர் மென்பொருளோ இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு (என்னைப் போலவே), அந்தப் பெயரில் ஒரு கோப்பைத் திறந்து, மூன்று நாளாக நான் அனுப்பிய மணியையெல்லாம் ஊறுகாய் போடுவது போல அதில் போட்டு வைத்திருந்தது. இப்போது ஜாடியைத் திறந்துவிட்டேன்.

அடித்தது பாருங்கள் மணி! நூற்றுக்கணக்கில், விடாமல். எந்த விசையை அழுத்தியும் நிற்கவில்லை. மைக்கை அணைக்கலாம் என்பது எங்கள் கோர்ஸில் இல்லாத பாடம். மேனேஜர்தான் கடைசியில் ஒயரைப் பிடுங்கினார்.

அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. எங்கள் தோட்டத்தில் விடாமல் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான்: மழை வருகிறது, கோப்பையில் வடிந்த பாலை உடனே எடு. ரப்பர்ப் பாலில் மழைத்தண்ணீர் விழுந்தால் அன்றைய பாடு வீண். அரை மணி நேரத்தில் ஆபீஸ் வாசலில் முப்பது பேர், தோளில் வாளிகளோடு, மூச்சிரைக்க நின்றார்கள். வாளிகளில் பாதிப் பால்கூட இல்லை. மேலே சுள்ளென்று வெயில். கூட்டத்துக்கு முன்னால் அப்பா.

"மழை எங்கம்மா?"

நான் கம்ப்யூட்டரைக் காட்டினேன். வேறு எதைக் காட்ட?

"கம்ப்யூட்டரு சொல்லிருச்சுலா, சாயங்காலம் பாரு வெள்ளம்!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது. மேனேஜரிடம் திரும்பி, "எனக்கு டாஸ் தெரியாது சார்" என்றேன். இரண்டு மாதமாகத் தொண்டையில் நின்ற வார்த்தை.

மேனேஜர் பேசுவதற்குள் அந்தோணிசாமி அங்கிள் எழுந்தார்.

"சார், தப்பா அடிச்சா இந்தச் சத்தந்தான் வருமா? எனக்கு நல்லாக் கேட்டுச்சு சார்!"

மேனேஜருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இன்னும் ஒரு மாசம் தர்றேன். டாஸைப் படி. மைக்கைத் தொடாதே" என்றார். டாஸ் புத்தகத்தை இரண்டு நாள் புரட்டினேன். மணி அடிக்க ஒரே வரிதான் தேவைப்பட்டது. அந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமானது.

அப்பா மட்டும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வாரம் என்னிடம் சரியாகப் பேசவும் இல்லை. அவர் மானத்தை வாங்கிவிட்டேனே என்று எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணம். தாலி கட்டும் நேரம், கெட்டிமேளம் முழங்க, கோயில் மணியும் சேர்ந்து விடாமல் அடித்தது. பந்தலில் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் தோட்டத்து ஆட்கள். அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு குரல் கேட்டது.

"மழை வருது, பால எடுங்கடா!"

அப்பா. கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். பந்தலே குலுங்கியது. கையில் தாலியோடு திகைத்து நின்ற மாப்பிள்ளை என் காதருகே குனிந்து, "என்ன பால்?" என்றார். எங்கள் வீட்டில் இன்றும் ஓவன் பீப் பீப் என்றால் என் பிள்ளைகள் கேட்பதும் அதே "என்ன பால்?" கேள்விதான்.