பாதி மீசைக்காரன் வைத்த கொள்ளி

நடிகனுடைய தலைமுடியும் மீசையும் நடிகனுக்குச் சொந்தமில்லை. இதை யாரும் ஒப்பந்தத்தில் எழுதித் தரமாட்டார்கள் (எங்களை மாதிரி ஆட்களுக்கு ஒப்பந்தமே கிடையாது என்பது வேறு விஷயம்). ஆனால் ஒரு படத்தில் முதல் நாள் எந்த மூஞ்சியோடு போய் நின்றோமோ, அந்த மூஞ்சியைப் படம் முடிகிறவரை அவர்களுக்காகப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். காய்ச்சல் வரலாம், கல்யாணம்கூட நடக்கலாம், மீசையை மட்டும் தொடக்கூடாது. இதற்குச் சினிமாவில் கன்டின்யூட்டி என்று பெயர். இந்த கன்டின்யூட்டி எங்கள் அப்பாவின் சுடுகாடு வரைக்கும் என்னோடு வந்தது.

எனக்குச் சொந்த ஊர் துறையூர். அப்பா அங்கே தனியார் பஸ்ஸில் கண்டக்டர். "ஆறே மாசம், அதுக்குள்ள பெரிய ஆளாகிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஆவடியில் அக்கா வீட்டுக்கு வந்தேன். அக்கா வீட்டுக்காரர் செல்வராஜ் மாமாவுக்கு பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, அதனால் குவார்ட்டர்ஸ். ஆறு மாதம் வருடக்கணக்கில் நீண்டது. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் கட்டில், பீரோவோடு என்னையும் நகர்த்தி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கும் அளவுக்கு நான் அந்த வீட்டுச் சாமான்களில் ஒன்றாகிவிட்டேன்.

படங்கள் கிடைக்காமல் இல்லை. கூட்டத்தில் ஓடுகிறவன், ஹீரோ அடித்ததும் பழக்கடை மேல் விழுகிறவன், ஒரு படத்தில் பிணம். அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வார். "சாப்பிட்டியா?" என்பார். அடுத்த கேள்வி, "வசனம் இருக்கா?"

"இல்லப்பா. ஆனா மூஞ்சி நல்லாத் தெரியும்."

"சரி விடு. அடுத்ததுல இருக்கும்."

பின்னாலேயே காலி பஸ் வருகிறது என்று பயணிகளிடம் சொல்லிச் சொல்லியே பழகிய மனிதர் அவர். ஒருநாளும் 'போதும், ஊருக்கு வந்துடு' என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வந்திருப்பேன், அது அவருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு படத்தில் வசனம் வந்தது. கடத்தல்காரனின் அடியாள் வேஷம். டைரக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தலையை எடுத்துடுங்க. மீசையை மட்டும் கன்னம் வரைக்கும் வளர்த்துட்டு வாங்க" என்றார். (என் நடிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மீசைக்குத்தான் வாய்ப்பு, நான் கூடப் போகும் ஆள்.) வசனம் ஒரே ஒரு வரி. ஹீரோவைக் கட்டி இழுத்துவந்து கிடங்கில் போட்டதும் நான் ஷட்டரைத் தூக்கி, "அண்ணே, ஆள் வந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். அதற்கு வில்லன், "முடிச்சிடு" என்பார்.

அப்பாவுக்கு அப்போது சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, அக்கா வீட்டு முன்னறைக் கட்டிலில் இருந்தார். நான் மொட்டைத்தலையும் முறுக்கு மீசையுமாக வாசலில் வந்து நின்றதும் கட்டிலில் இருந்தபடியே பார்த்தார்.

"ஏன்டா, நான்தான் இன்னும் இருக்கேனே. அதுக்குள்ள மொட்டைக்கு என்ன அவசரம்?"

அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு இருமல் வந்து அக்கா முதுகைத் தடவிவிட வேண்டியிருந்தது.

தினமும் ஒத்திகை நடந்தது. நான் சமையலறைக் கதவை ஷட்டராக நினைத்துத் திறந்து, "அண்ணே, ஆள் வந்தாச்சு" என்பேன். அப்பாதான் வில்லன். "முடிச்சிடு" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் வாயில் அது வரவே வராது.

"வந்துட்டானா? உக்காரச் சொல்லு. டீ சொல்லுடா."

"அப்பா, அவனைக் கொல்லப் போறோம்ப்பா."

"கொல்லு. யாரு வேண்டாம்னா? எவ்வளவு தூரத்துலேருந்து வந்தானோ, ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போகட்டும்."

ஹீரோவை இழுத்துவரும் காட்சியை இந்த மீசையோடு எடுத்து முடித்தார்கள். வசனம் எடுக்கும் நாளுக்கு முந்தின நாள் காலை அக்கா கஞ்சியோடு போய் எழுப்பினாள். அப்பா எழுந்திருக்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலேயே 'நாளைக்கு ஷூட்டிங்' என்று ஒரு நினைப்பும் வந்தது. என் மேலேயே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் நினைப்பு போகவில்லை, மூலையில் உட்கார்ந்துகொண்டே இருந்தது.

துறையூருக்குக் கொண்டுபோக வண்டி பேசலாமா என்று மாமா கேட்டார். அக்கா வேண்டாம் என்றாள். அம்மா போய், அப்பாவும் இங்கே வந்துவிட்ட பிறகு அங்கே இருந்தது பூட்டிய வீடுதான். ஆவடியிலேயே எடுப்பது என்று முடிவானது. குவார்ட்டர்ஸில் செத்தால் தோள் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மேல்வீடு திருநெல்வேலி, எதிர்வீடு சேலம், பக்கத்து வீடு கும்பகோணம். ஒவ்வொருவரும் அவரவர் ஊர் வழக்கத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். தலையை எந்தத் திசையில் வைப்பது என்பதிலேயே அப்பா இரண்டு முறை சுற்றப்பட்டார்.

ஷூட்டிங்கில் கன்டின்யூட்டி பார்க்கிற உதவி இயக்குநர் சரண்யா என்ற பெண். அவளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"ரொம்ப ஸாரி சார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை" என்றாள். "செட்டை நாளைக்குச் சாயங்காலம் பிரிக்கிறாங்க சார். நீங்க வரலைன்னா ஒண்ணும் இல்லை, அந்த வசனத்தைப் பக்கத்துல நிக்கிறவருக்குக் கொடுத்துடலாம்னு டைரக்டர் சொல்றார். அப்புறம்... தப்பா எடுத்துக்காதீங்க சார். மீசையை எடுப்பீங்களா?"

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. நான் ஒரே மகன். கொள்ளி வைக்கிறவன் தலையையும் மீசையையும் எடுத்தாக வேண்டும். மீசை படத்துக்கு வேண்டும் என்று மாமாவிடம் ரகசியமாகச் சொன்னேன். (குவார்ட்டர்ஸில் ரகசியம் என்றால், மூன்றாவது பிளாக்குக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும் செய்தி.) பாடை தெருமுனையைத் தாண்டும்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சுடுகாட்டில் ஈர வேட்டியோடு உட்கார்ந்தேன். சவரம் செய்ய வந்தவர் பெயர் தேசிங்கு. என் தலையில் தண்ணீர் தெளிக்கக் கையைக் கொண்டுவந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், தல ஏற்கெனவே எட்த்து கீது? யாரு எட்த்தது?"

"ஷூட்டிங்குக்காக எடுத்தது" என்றார் மாமா.

பின்னாலிருந்து மேல்வீட்டுப் பேச்சிமுத்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். "அதெப்படி? அட்வான்ஸா போட்ட மொட்டை செல்லாதுல்லா? செத்த பொறவு எடுத்தாத்தான் கணக்கு. மீசையவாவது எடுத்துரணும்."

"எங்க பக்கம் மீசை அவங்கவங்க விருப்பமுங்க" என்றார் சேலத்துக்காரர்.

"எல்லாத்தையும் பதினாறாம் நாள் கருமாதியில வச்சுக்கலாமே" என்றார் கும்பகோணத்துக்காரர்.

நடுவில் என் அப்பா வரட்டிகளின் மேல் படுத்திருந்தார். இவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருக்க, தேசிங்கு பாட்டுக்குத் தன் வழக்கப்படி மேலுதட்டை நனைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். தலையில் வேலை இல்லை, மீசையில் இருக்கிறது. அவர் கணக்கு அவருக்குச் சரி. கத்தி உதட்டில் இருக்கும்போது நான் எப்படி வாயைத் திறப்பது?

"ஐயோ, நிறுத்துங்க!" என்று மாமா கத்தினார். "எடுப்பா, நிறுத்தாத!" என்று அண்ணாச்சி கத்தினார்.

தேசிங்கு கத்தியைத் தூக்கிக்கொண்டார். இடப்பக்க மீசை மொத்தமும் என் மடியில் கிடந்தது.

"இன்னா சார் இது, ஆளுக்கொண்ணு சொல்லிகினு கீறீங்க? எடுக்கவா, வுடவா? ஒரே பேச்சா சொல்லு."

சரியாக அந்த நேரத்தில் போன் அடித்தது. என் போன் மாமாவின் கையில் இருந்தது. அவர் பதற்றத்தில் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டார்.

"சார், சரண்யா பேசறேன். மீசை எடுத்தாச்சா சார்?"

"பாதி" என்றேன்.

"பாதின்னா?"

"இடது போச்சு. வலது இருக்கு."

அந்தப் பக்கம் யாரிடமோ கேட்கும் சத்தம் வந்தது. பிறகு, "சார், மிச்சத்தைத் தொடாதீங்க. மேக்கப்மேன் அதைப் பார்த்து இன்னொரு பக்கத்தைச் செஞ்சு ஒட்டிடுவாராம். அது இருந்தாத்தான் சார் அளவு கிடைக்கும்" என்றாள்.

சுடுகாடு முழுக்கக் கேட்டது. அடுத்த சிதைக்கு வந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வராஜ் மாமா அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அரை டிக்கெட் கிழிச்சே ஆயுசு போச்சு அந்த மனுசனுக்கு. பாதியை ஏத்துக்க மாட்டாரா? கொடத்தை எடு மாப்ள."

அண்ணாச்சி முணுமுணுத்தபடியே குடத்தைத் தூக்கி என் தோளில் வைத்தார். அப்படித்தான் நான் என் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன். ஒரு பக்கம் அடியாள், ஒரு பக்கம் மகன். மூன்று சுற்றிலும் தண்ணீர் என் முதுகில் ஒழுகியது. பக்கத்துச் சிதைக்காரர்களில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அவரும் பாவம் யாரையோ பறிகொடுத்தவர்தான். அப்பாவின் முகத்தை வரட்டியால் மூடுவதற்கு முன் குனிந்து, "வசனம் இருக்குப்பா" என்றேன். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது, நிற்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது அக்கா வாசலில் நின்றிருந்தாள். காலையிலிருந்து அழுது தொண்டை கட்டிப்போனவள் என் முகத்தைப் பார்த்தாள். குபீரென்று சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். தீட்டு வீட்டை விட்டு வெளியே போகலாமா என்று பேச்சு வந்ததும், "போகட்டும். அப்பா அவன்கிட்ட கேட்டது அது ஒண்ணைத்தான்" என்று முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை பால் தெளித்து முடித்ததும் மாமா என்னை பைக்கில் ஏற்றிக் குமணன்சாவடியில் இறக்கிவிட்டார். அங்கிருந்து செட்டுக்குக் கம்பெனி வண்டி வரும். மாஸ்க் போட்டிருந்ததால் ஊர் கண்ணுக்குத் தப்பினேன். ஆனால் முந்தின நாளிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, தலை சுற்றியது. டீ வாங்கினேன். மாஸ்க்கோடு டீ குடிக்க முடியாது என்பது கிளாஸைக் கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது.

டீக்கடைக்காரர் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, பந்தயத்துல தோத்துட்டியா?"

"அப்பா தவறிட்டாரு" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுபோனது. மீசைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை. குடித்து முடித்ததும் கிளாஸை வாங்கி, கேட்காமலே இன்னொரு டீ ஊற்றி நீட்டினார். நான் மறுபடி மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாகத் திரும்பி நின்று அழுதேன்.

செட்டில் மேக்கப்மேன் அரை மணி நேரத்தில் இடப்பக்க மீசையை ஒட்டினார். கண்ணாடியில் பார்த்தால் எது அசல் என்று எனக்கே தெரியவில்லை. வில்லன் நடிகர் தன் பங்கை முடித்துவிட்டு முந்தின நாளே போய்விட்டார், அவர் வசனத்தைக் கேமராவுக்குப் பின்னால் நின்று சரண்யா படிப்பாள். ஷட்டரைத் தூக்கினேன்.

"அண்ணே, ஆள் வந்தாச்சு."

"முடிச்சிடு" என்றாள் சரண்யா.

நான் பதில் வருவதற்காகக் காத்திருந்தேன். டீ சொல்லுடா என்று ஒரு குரல் வரவேண்டும். வரவில்லை. கண்ணில் நீர் முட்டி, கன்னத்தில் இறங்கி, பசையில் கலந்து, இடப்பக்க மீசை மெதுவாகக் கழன்று வாயோரத்தில் தொங்கியது. லைட் பிடித்திருந்தவர்கள் சிரித்தார்கள். சரண்யா திரும்பிப் பார்த்ததும் அடங்கினார்கள்.

"அடியாள் அழக்கூடாதுங்க" என்றார் டைரக்டர், மெதுவாகத்தான்.

மறுபடி ஒட்டினார்கள், மறுபடி கழன்றது. மூன்றாவது முறை டைரக்டர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து, வலக்கன்னம் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி நிறுத்தினார். "பசை இருக்கிற பக்கம் வேண்டாம். இப்படியே சொல்லுங்க." அசல் மீசையை மட்டும் காட்டிக்கொண்டு சொன்னேன். கேமராவுக்குத் தெரியாத கண்ணில் மட்டும் அழுதேன். ஒரு கண்ணால் அழ முடியுமா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு முடிந்தது. டைரக்டர் ஓகே என்றார்.

படம் வந்தபோது குவார்ட்டர்ஸே திரண்டு அம்பத்தூரில் ஒரு தியேட்டருக்குப் போனோம். அண்ணாச்சி, சேலம், கும்பகோணம் எல்லோரும் ஒரே வரிசை. திரையில் ஷட்டர் உயர்ந்தது. என் வலப்பக்கம் தெரிந்தது.

"அண்ணே, ஆள் வந்தாச்சு."

வில்லன் நாற்காலியில் சாய்ந்தபடி, "முடிச்சிடு" என்றார்.

இருட்டில் பக்கத்து சீட்டிலிருந்து அக்காவின் குரல், தியேட்டரே திரும்பும்படி: "டீ சொல்லுடா!"

முன் வரிசையில் இருந்தவர் எரிச்சலோடு "உஷ்" என்றார். எங்கள் வரிசை முழுக்கச் சிரித்தது, அழுதது, யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நிறையப் படங்களில் வசனம் பேசிவிட்டேன். ஹெட் கான்ஸ்டபிள், வீட்டுப் புரோக்கர், சமீபமாகக் கதாநாயகியின் அப்பா. புதிதாக வரும் டைரக்டர்கள், "சார், உங்க ரைட் சைடுதான் கேமராவுக்கு நல்லா இருக்கு" என்கிறார்கள். நானும் அந்தப் பக்கத்தையே திருப்பிக் காட்டுகிறேன். அப்பாவின் திதிக்குக் கூடும்போதெல்லாம் அன்று எடுக்காமல் விட்ட பாதி மீசை செல்லுமா செல்லாதா என்று அண்ணாச்சி இன்னும் வழக்காடுகிறார்.

வீட்டில் காலிங் பெல் அடித்தால் அக்கா மகள் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "அண்ணே, ஆள் வந்தாச்சு" என்று கத்துவாள். உள்ளே யார் இருந்தாலும் ஒரே பதில்தான். கொரியர்காரர், கேபிள்காரர், விலாசம் தவறி வந்தவர் என்று எல்லோரும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். எவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்களோ.