ஊசல் தேர்ந்தெடுத்த கேபிள்

அந்த ஞாயிற்றுக்கிழமை வில்லா தோர்தில்யோவில் ரொட்டிக்கடைகூடப் பூட்டு. ஊரே கூட்டுறவுச் சங்கக் கூடத்தில். சன்னலில் இருவர், மேசைக்கடியில் ஒரு நாய். பறக்கும் தட்டு பார்க்கக்கூட அந்த மலையூரில் இத்தனை பேர் கூடியதில்லை. இத்தனைக்கும் அது மாதம் தவறாமல் வருவதாகச் சொல்பவர்களும் அவர்களே.

வந்திருந்தவர் ஊசல்கார எவெரார்தோ. கிணறு, தொலைந்த மாடு, ஓடிப்போன கணவன், எல்லாம் ஊசல் ஆட்டியே கண்டுபிடிப்பவர். (கணவன்மார் ஒருவரும் திரும்பவில்லை. அது அவர்கள் குறை.) இன்று, ஊருக்கு இணையம் கொண்டுவர எந்தக் கண்ணாடியிழைக் கேபிள் வாங்குவது என்று அருளப்போகிறார். மேசைமேல் இரண்டு மாதிரித் துண்டுகள்: மஞ்சள், ஆரஞ்சு.

மேல்மலை மருந்தக நர்ஸ் நெலிதா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன மாதம் நெஞ்சுவலிக்காரர் ஒருவரின் ஈசிஜியை நகரத்து டாக்டருக்கு அனுப்ப வழியில்லாமல், ஆளையே பால் லாரியில் அனுப்பினாள். ஆள் தேறிவிட்டார், லாரிக்காரர் இன்னும் தேறவில்லை. மருந்தகம் ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். மஞ்சளில் ஒளி அவ்வளவு தூரமும் போகும். ஆரஞ்சு ஒரு கட்டடத்துக்குள் மட்டும் ஓடுவதற்கென்று செய்யப்பட்டது. பாதி வழிக்குள் ஒளி சிதறிவிடும். துண்டுகளோடு வந்த தாளிலேயே அச்சடித்திருந்தது. அதைப் படிக்க யாருக்கு நேரம்? எல்லோரும் ஊசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஊசல் மஞ்சள்மேல் பிணமாகத் தொங்கியது. ஆரஞ்சுமேல் பம்பரமாகச் சுழன்றது.

"ஆரஞ்சுக்கு ஆன்மா இருக்கு! மஞ்சள் செத்த கேபிள். அதுல போறதெல்லாம் சாவுச் செய்தியாத்தான் போய்ச் சேரும்."

"ஐயையோ!" என்றது கூடம்.

"ஆரஞ்சு எங்கய்யா கெடைக்கும்?" என்றார் சங்கத் தலைவர் பௌதிலியோ.

எவெரார்தோ ஊர் வரைபடத்தை விரித்தார். ஊசல் ஆற்றைத் தாண்டி, தேவாலயத்தைத் தாண்டி, ஒரு கிடங்கின்மேல் நின்றது.

"அட, அது உங்க மருமகன் குடோனாச்சே!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"ஊசலுக்கு உறவுமொற தெரியாதும்மா."

கைதட்டல். பௌதிலியோ எழுந்தார். "சரி, ஆரஞ்சுக்குக் கை தூக்குங்க!"

"ஒரு நிமிஷம் தலைவரே." நெலிதா சமையற்கட்டிலிருந்து மூடிய பானைகள் இரண்டைத் தூக்கிவந்தாள். "ஐயா, இதுல எந்தப் பானையில ஆரஞ்சு இருக்கு? சரியாச் சொன்னா மொதக் கை என்னோடது."

"சிஸ்டர், சந்தேகப்படுறவங்க பக்கத்துல இருந்தா ஊசல் ஓடாது."

"அப்ப நான் வாசல்ல நிக்கிறேன்."

ஊசல் இடப்பக்கப் பானைமேல் வெறிபிடித்துச் சுற்றியது. "இதோ! ஆன்மா பொங்குது!"

பௌதிலியோ மூடியைத் திறந்தார். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் சாப்பிட, பிசைந்து வெட்டி வைத்த பாஸ்தா. நீளநீளமாக, வேகாமல். மற்றதிலும் அதே.

"மஞ்சளா இருக்கே..." தலைவர் யோசித்தார். "வெந்தா ஆரஞ்சாகுமோ?"

"தக்காளிச் சாறு ஊத்தினா ஆகும்," என்றாள் நெலிதா. "ஒன்பது கிலோமீட்டருக்கு இதையே இழுத்துப் போட்றலாமா? இல்ல, மருமகன் குடோன்ல தேங்கிக் கெடக்கறதத்தான் தலையில கட்டிக்கணுமா?"

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் கூடமே குலுங்கியது. எவெரார்தோ பின்கதவைத் தேடினார். ஊசல் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்.

மஞ்சளுக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. பௌதிலியோ மட்டும் நெலிதாவின் காதருகே குனிந்தார். "சிஸ்டர், மஞ்சளுக்கும் ஆன்மா உண்டுதானே?"

"அதுக்கு எதுக்கு ஆன்மா? வெளிச்சம் போனாப் போதும். அடுத்த தடவ கை தூக்கச் சொல்றதுக்கு முன்னாடி, உங்க மண்டைக்குள்ள கொஞ்சம் வெளிச்சம் போகுதான்னு பாருங்க தலைவரே."